மீட்ட கிளியைத் தேற்றுவது எப்படி: முதல் நாளிலிருந்து

கொழும்பில் மீட்கப்படும் கிளிகள் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் வந்து சேரும். சிறகு வெட்டியிருக்கும், காலில் சங்கிலித் தழும்பு இருக்கும், சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதையும் தொடாது. இதைத் தேற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு: சூடும் அமைதியும் முதலில், பிறகு எடை, பிறகு உணவு. கையில் பழக்குவது கடைசி. வந்த அன்றே கொஞ்ச ஆரம்பிப்பதால்தான் பாதிக் காரியம் கெடுகிறது.

1. என்ன கிளி என்று பாருங்கள்

செந்தார்ப் பைங்கிளி, தோளில் செந்நிறத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி போன்றவை நம் நாட்டுக் காட்டுப் பறவைகள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை 2ஆம் படியில் உள்ளதை மட்டும் செய்தால் போதும். லவ் பேர்ட்ஸ், கொக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி), ஆபிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு வளர்ப்புப் பறவைகளுக்கே மீதிப் படிகள்.

2. முதல் இரண்டு, மூன்று நாள்: சூடு, இருட்டு, அமைதி

கூட்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி, ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் வையுங்கள். சோர்ந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருந்தால் கூட்டின் ஒரு மூலைக்கு வெளியே 40 வாற் குண்டு பல்ப் ஒன்றைக் கொளுவி, அந்தப் பக்கத்தை 28–30 பாகை செல்சியஸில் வைத்திருங்கள். எல்ஈடி பல்ப் வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. மறுமூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பறவை வாயைத் திறந்து மூச்சுவிட்டு, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

வாயைப் பிளந்து தண்ணீரோ பாலோ ஊற்றவே வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். பிடிக்க வேண்டியிருந்தால் துவாயால் தலையின் இரு பக்கத்தையும் பிடியுங்கள், நெஞ்சை அழுத்தக்கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும்.

வால் மேலும் கீழும் ஆடி மூச்சு விடுதல், கூட்டின் தரையில் கிடத்தல், 24 மணி நேரம் எதையும் உண்ணாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சங்கிலி வளையத்தையும் அவரே வெட்டட்டும். வீட்டுக் குறட்டால் வெட்டப்போய்க் கால் முறிந்துவிடும்.

வீட்டில் வேறு பறவை இருந்தால் 45 நாள் தனி அறையில், தனிப் பாத்திரத்தில் வையுங்கள். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துடைத்தெடுங்கள்.

3. தராசு

1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில், தீனி போடுமுன் நிறுத்து எழுதுங்கள். சிறகு மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, எண்தான் காட்டும். 5 வீதம் குறைந்தால் உணவு மாற்றத்தை நிறுத்துங்கள். 10 வீதம் குறைந்தால் வைத்தியர்.

4. உணவு

சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், விற்றமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் அதையே தின்ற கிளிக்கு ஈரல் கொழுத்து, மூக்குத் துவாரம் அடைக்கும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடந்தே செத்துவிடும். பழக்கமில்லாத ஒன்றை அது உணவென்றே நினைக்காது.

காலையில் முதல் இரண்டு மணி நேரம் புது உணவு மட்டும், அதன் பின் பழைய விதை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை விதையைப் பத்திலொரு பங்கு குறையுங்கள். முளைவிட்ட பயறு, துருவிய கரட், அவித்த பூசணி, முருங்கையிலை, பப்பாசி எல்லாம் நல்லது. பச்சைக் கொச்சிக்காயைக் கொடுத்துப் பாருங்கள், பல கிளிகள் முதலில் ஏற்றுக்கொள்வது அதைத்தான். உறைப்பு அவற்றுக்குத் தெரியாது. பின்னர் கொடுக்கும் விதையிலும் இவற்றை நறுக்கிக் கலந்தால், விதையைத் தேடிக் கொத்தும்போது இவையும் வாயில் படும். நம்மூர்ப் புழுக்கத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஈர உணவைக் கூட்டில் விடாதீர்கள்.

அவகாடோ, சொக்லட், தேத்தண்ணி, கோப்பி, உப்புப் பண்டங்கள் கூடவே கூடாது. கச்சானும் வேண்டாம். ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடித்து, கண்ணுக்குத் தெரியாமலே நஞ்சாகும்.

5. கூடும் காற்றும்

கொக்கட்டீல் அளவுப் பறவைக்குக் குறைந்தது 60 × 60 × 75 செ.மீ., கம்பி இடைவெளி 1.5 செ.மீ.க்குள். நாகம் (துத்தநாகம்) பூசிய புதிய வலையை வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உதிரும் நாகத்தைக் கிளி தின்றால் நஞ்சு. வழுவழுப்பான தடி காலில் புண் உண்டாக்கும். கொய்யா, வேம்புக் கிளைகளை வெவ்வேறு தடிப்பில் வையுங்கள்.

ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அதிகமாகச் சூடேறினால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும். நுளம்புச் சுருள், சாம்பிராணி ஆகியவற்றையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். டெங்குப் புகை அடிக்க வரும் நாளில் யன்னலைச் சாத்தி, கூட்டை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். பல்கனியில் தனியே விட்டால் காகமும் பூனையும் விடாது.

6. பழக்குதல்

எடை இரண்டு கிழமை நிலையாக நின்றபின் தொடங்குங்கள். நாளுக்கு இருமுறை, 10 நிமிடம், கூட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்து மெல்லப் பேசுங்கள். இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, கண்மணி சுருங்கி விரிந்தால் ஓரடி பின்வாங்குங்கள். நீங்கள் பின்வாங்குவதைக் கண்டால்தான், வேண்டாம் என்பதைக் கடிக்காமலே சொல்ல அது பழகும். கம்பி வழியாக வாங்கித் தின்றபின் கதவு, பிறகு குச்சி, பிறகு கை.

இறகு பிடுங்கிய கிளியென்றால் தலையைப் பாருங்கள். தலையில் இறகு முழுதாக இருந்து நெஞ்சு வெறுமையானால் அதுவே பிடுங்குகிறது. தலையும் வெறுமையானால், அதனோடு இருந்த வேறு பறவை கொத்தியது, அல்லது நோய். தானே பிடுங்குவதற்கு நோய், சலிப்பு, தூக்கக் குறைவு எல்லாம் காரணமாகும். முதலில் வைத்தியர், பிறகு 10–12 மணி நேர இருட்டும், கடித்துக் கிழிக்கத் தென்னோலையும்.

வெட்டிய சிறகின் அடித்தண்டைப் பிடுங்காதீர்கள். அடுத்த இறகுதிர்வில் தானாக விழுந்து புதிது வரும், ஓராண்டு வரை ஆகலாம். புதிய இறகின் தண்டில் இரத்தம் ஓடும். முறிந்து ஒழுகினால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சிறகு முழுதாக வளர்ந்தபின் மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி யன்னலுக்குத் திரை போட்ட அறையில் மட்டும் பறக்கவிடுங்கள்.