ஸ்டெஃபானோ மோரியைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பிலிப்பைன்ஸ் சின்னத்திரையின் தொண்ணூறுகளைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் சிலர், கட்டுரையை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள். அதில் ஸ்டெஃபானோ மோரி அடிக்கடி வருகிறார். குழந்தை நடிகராக வந்து, பிறகு ஜேசிஎஸ் என்ற பாய்பேண்டில் பாடிய பிலிப்பினோ இத்தாலியர். எழுத்துப்பிழையை எல்லாம் விடுங்கள், எழுத எழுதச் சரியாகிவிடும். ஆனால் நான் விழுந்து எழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மோரி என்றதும் ஜப்பானுக்குப் போவது

அந்தக் குடும்பப்பெயர் ஜப்பானிலும் உண்டு, இத்தாலியிலும் உண்டு. இவருடையது இத்தாலியப் பெயர்.

கிமிக், ஜி-மிக் இரண்டையும் ஒன்றாக்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியில் 1996இல் 'கிமிக்' என்றொரு இளைஞர் தொடர் வந்தது. ரிகோ யான், ஜோலினா மக்டங்கால் போன்ற இளம் நடிகர்கள் காலத்துத் தொடர். அது முடிந்த 1999இலேயே அடுத்த தலைமுறைக்காக 'ஜி-மிக்' வந்தது. ஜேசிஎஸ்ஸின் மற்ற இருவரான ஜான் ப்ராட்ஸும் கார்லோ அகினோவும் அதில் நடித்தார்கள். மூலத்தில் Gimik, G-mik என்ற இரண்டு பெயருக்கும் வித்தியாசம், முதல் 'i' இருக்கும் இடத்தில் ஒரு சிறு கோடு வருவதுதான். நான் நோட்டில் வேகமாகக் குறிப்பெடுத்தபோது அந்தக் கோடு விட்டுப்போயிற்று, தமிழில் தட்டச்சு செய்தபோது இரண்டுமே 'கிமிக்' ஆகிவிட்டன, அப்புறம் நானே என் குறிப்பை நம்பி, மூன்று பையன்களும் 1996இலிருந்தே ரிகோ யானோடு நடித்தார்கள் என்று எழுதி ஒரு சிற்றிதழுக்குக் கொடுத்துவிட்டேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆண்டை அடிப்படையாக வைத்து, அதே தலைமுறை நடிகர்கள் பன்னிரண்டு பேருக்குக் காலவரிசை அட்டவணை போட்டிருந்தேன். பன்னிரண்டும் வீண். அதற்குள் அந்த வரியை வேறு சிலர் எடுத்துப் போட்டுவிட்டார்கள், போன மாதம் வந்த ஒரு கட்டுரையில்கூட என் பழைய வாக்கியம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

வயதைப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். கார்லோ 1985இல் பிறந்தவர். 1996இல் அவருக்குப் பதினோரு வயது, காதலும் கல்லூரியுமாகப் போகும் தொடரில் அவருக்கு என்ன வேலை? 1998இல் வில்மா சாண்டோஸ் நடித்த படத்தில் அவருக்குச் சின்னப் பையனாக, மகனாகத்தான் நடித்தார். ஆக, எந்தத் தொடரின் பெயரை எழுதினாலும் பக்கத்திலேயே ஆண்டையும் நடிகரின் அப்போதைய வயதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜோலினாவும் இந்தப் பையன்களும் வெவ்வேறு வயதுக்காரர்கள் என்றாலும் எல்லோருமே 1992இல் தொடங்கிய 'அங் டிவி' என்ற சிறுவர் நிகழ்ச்சியிலிருந்து வந்தவர்கள்தான். அதனால் தேடும்போது பெயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே வரும், கவனம்.

ஜேசிஎஸ்ஸுக்கு விரிவு கற்பிப்பது

ஜான், கார்லோ, ஸ்டெஃபானோ என்ற பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகள். அவ்வளவுதான்.

2003 சட்டத்தைப் பின்னோக்கிப் பொருத்துவது

பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒரு நாளில் 4 மணி நேரம், வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, அதன் வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குடும்பத்தின் பொதுச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்று சொல்வது பிலிப்பைன்ஸின் குடியரசுச் சட்டம் 9231. நல்ல சட்டம். ஆனால் அது 2003இல் வந்தது. 'அங் டிவி' 1997லேயே முடிந்துவிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இருந்ததாக எழுதினால், அவர்கள் உண்மையில் எந்தச் சூழலில் வேலை செய்தார்கள் என்பதையே மறைத்துவிடுவோம்.

"காணாமல் போனவர்" என்று முடிப்பது

இது எனக்கு வலிக்கும். ஜானும் கார்லோவும் பெரியவர்களான பிறகும் துறையில் தொடர்ந்தார்கள், ஸ்டெஃபானோ விலகினார். உடனே "புகழ் கைவிட்டது", "தடம் மாறியது" என்று ஒரு சோகத்தைச் சேர்த்துவிடுகிறோம். ஆதாரம்? ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூட வயதிலேயே கேமரா முன்னால் நின்ற ஒருவர் வளர்ந்ததும் வேறு வாழ்க்கை போதும் என்று நினைத்திருக்கலாம், அது அவர் விருப்பம். "நடிப்பிலிருந்து விலகினார்" என்று எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள்.