மேடையில் பேசப் போகிறீர்களா? வில்லுப்பாட்டைக் கவனியுங்கள்

வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். சில இடங்களில் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்பார். அது கூட்டத்தின் மனசில் இருக்கிற கேள்வி. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தின் நிகழ்ச்சிப் பதிவு கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், புரியும்.

நமக்குப் பின்பாட்டுக்காரர் கிடையாது. அந்த வேலையைக் கூட்டத்திடமே கொடுத்துவிடலாம். “நேற்று ராத்திரி எத்தனை தடவை கரண்ட் போச்சு?” என்பது மாதிரி சட்டென்று பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், கஷ்டம் இதில்தான். இரண்டு நொடி மௌனம் மேடையில் இரண்டு நிமிஷமாகத் தெரியும், பதறி நாமே பதில் சொல்லிவிடுவோம். பின்வரிசையில் ஒருவர் “மூணு தடவை!” என்றால், மைக்கில் அதைத் திரும்பச் சொல்லி, அங்கிருந்தே பேச்சைத் தொடருங்கள்.

எழுத்திலும் இது நடக்கும். வாசகர் “அதெப்படி?” என்று கேட்கக்கூடிய இடத்தில் அந்தக் கேள்வியை நீங்களே எழுதி, அடுத்த வரியில் பதிலைச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் வினாத்தாள் ஆகிவிடும்.

அப்புறம், மேடைப் பேச்சின் தொடக்கத்தில் வரும் “அவர்களே, அவர்களே” பட்டியலை ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.