சொட்டுநீர் போடப் போகிறீர்களா? ஒரு டம்ளரும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள்

நன்றாகக் காய்ந்த ஒரு தொட்டியில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே அடித்துளை வழியாக ஒழுகத் தொடங்கும். செடி வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் விரலை உள்ளே விட்டால் நடுமண் பொடியாக உதிரும். காயும்போது மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிடுகிறது. வேகமாக விடும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி வெளியே போய்விடுகிறது. அதே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், உறிஞ்சிக்கொள்ள மண்ணுக்கு நேரம் கிடைக்கும்.

20 தொட்டிகள் உள்ள ஒரு சின்னத் தோட்டத்துக்கு எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

என்னென்ன வேண்டும்?

16 மி.மீ. கறுப்புக் குழாய், 4 மி.மீ. மைக்ரோ டியூப், தொட்டிக்கு ஒரு டிரிப்பர் (தண்ணீரைச் சொட்டாக விடும் சிறு முனை), கனெக்டர்கள், வால்வு, எண்ட் கேப் (குழாயின் கடைசி முனையை அடைக்கும் மூடி), வடிகட்டி. குழாய் கறுப்பாகவே இருக்கட்டும். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். வடிகட்டி 120 மெஷ் (வலையில் ஓர் அங்குலத்துக்கு 120 கண்ணிகள்) போதும், ஆனால் அது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். டிரிப்பருக்குள் தண்ணீர் போகும் வழி மிகக் குறுகல், ஒரு மணல் துகள் போதும் அதை அடைக்க.

டிரிப்பர்கள் மணிக்கு 2, 4, 8 லிட்டர் என்று கிடைக்கும். தொட்டிக்கு 2 லிட்டர்தான் சரி.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். அழுத்தத்தைச் சீராக்கும் வகை டிரிப்பர்களுக்கு இது பெரும்பாலும் போதாது. சாதாரண டிரிப்பரையே வாங்குங்கள்.

பொருத்தும் முறை

முதலில் தொட்டிகளைத் தாகத்துக்கு ஏற்ப இடம் மாற்றுங்கள். தக்காளியும் கற்றாழையும் ஒரே வரிசையில் இருந்தால் ஏதாவது ஒன்று வீணாகும். இரண்டுக்கும் தனித்தனி வால்வு வையுங்கள்.

குழாயை அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டால் இளகி, சுருள் இல்லாமல் நீளும். வால்வு, வடிகட்டி, குழாய் என்ற வரிசையில் இணையுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் நேராகக் குழாயில் துளை போட்டு, கனெக்டரையும் மைக்ரோ டியூபையும் செருகுங்கள். டியூப் முனை ஏறவில்லையா? சில நொடிகள் வெந்நீரில் நனைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

டிரிப்பரை இப்போதே மாட்டிவிடாதீர்கள். துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல்கள் உள்ளே இருக்கும். கடைசி முனையைத் திறந்தே வைத்து இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். அப்புறம் எண்ட் கேப் போட்டு, மைக்ரோ டியூபிலும் தண்ணீர் தெளிவாக வந்த பிறகு டிரிப்பரை மாட்டுங்கள். தண்டை ஒட்டி வைத்தால் அழுகல் வரலாம்; தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் சொட்டட்டும்.

அளந்து பாருங்கள்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் தண்ணீர் மிச்சமாவது இந்த இடத்தில்தான். முதல், நடு, கடைசி டிரிப்பர்களின் கீழ் ஒவ்வொரு டம்ளர் வைத்து 6 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். 6 நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 2 லிட்டர் டிரிப்பரில் 200 மி.லி. சேர வேண்டும். 120 மி.லி.தான் இருந்தால் உங்கள் டிரிப்பர் மணிக்கு 1.2 லிட்டர் தருகிறது என்று அர்த்தம். நேரத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள். கடைசி டம்ளரில் மட்டும் குறைந்தால் குழாய் எங்கோ மடங்கியிருக்கும், அல்லது வரிசை நீளம் அதிகம்.

200 மி.லி. சரியாக வந்தால், 15 நிமிடத்தில் ஒரு தொட்டிக்கு அரை லிட்டர், 20 தொட்டிக்கும் சேர்த்து 10 லிட்டர். அதிகாலையில் அவ்வளவு விட்டு, மாலையில் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மறுநாள் 10 நிமிடம் போதும். அடித்துளையில் ஒழுகினால் இன்னும் குறையுங்கள். மண்மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் ஈரம் கூடுதலாக நிற்கும். மழை பெய்தால் வால்வை மூட மறக்காதீர்கள்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை எண்ட் கேப்பைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுங்கள். உப்புத்தண்ணீர் உள்ள வீடுகளில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும். அவற்றைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, கழுவி மாட்டி, மறுபடி ஒருமுறை டம்ளர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.