காலேஜ் கோச் வரச் சொல்லிவிட்டாரா? போவதற்கு முன் ஒரு நிமிஷம்

அமெரிக்காவில் நீச்சல், டென்னிஸ், டிராக் என்று ஏதோ ஒன்றுக்காக ஏழெட்டு வருஷம் விடியற்காலையில் பிள்ளையைக் காரில் ஏற்றி இறக்கிய அப்பா அம்மாக்களுக்கு ஒரு நாள் ஒரு கல்லூரி டீமின் கோச்சிடமிருந்து அந்த அழைப்பு வரும், "எங்கள் கேம்பஸை வந்து பாருங்கள்" என்று. எங்கள் வீட்டில் நீச்சல். மகளோடு நான்கு கல்லூரிகளுக்குப் போய் வந்தேன். முதல் இரண்டையும் வீணடித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெண் பார்க்கும் சடங்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? இரண்டு பக்கமும் இஸ்திரி போட்ட சட்டை, எல்லாருக்கும் சிரித்த முகம், தட்டில் பஜ்ஜி. உண்மை அந்த ஹாலில் கிடைக்காது, அக்கம்பக்கத்தில் விசாரித்தால்தான் கிடைக்கும். கல்லூரி டீமுக்கு ஆள் எடுக்கும் இந்த ரெக்ரூட்டிங் விசிட்டும் அப்படித்தான். கோச்சின் அறை, புது ஜிம், பிள்ளையின் பெயர் எழுதிய லாக்கர் எல்லாம் பஜ்ஜி. அக்கம்பக்கம் என்பது டீமில் இருக்கும் மற்ற பிள்ளைகள்.

முதலில் விதிகள், சுருக்கமாக. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்னில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்து கோச் பிள்ளையோடு நேரடியாகப் பேசலாம், ஆகஸ்ட் 1-லிருந்து விசிட்டுக்கு அழைக்கலாம் (அமெரிக்கன் ஃபுட்பால், பாஸ்கெட்பால் போன்ற சிலவற்றுக்குத் தனி நாட்காட்டி). செலவைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் அது அஃபிஷியல் விசிட், நம் காசில் போனால் அன்அஃபிஷியல். முன்பெல்லாம் மொத்தமே ஐந்து அஃபிஷியல் விசிட்தான். 2023-ல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், ஆனால் பொதுவாக ஒரு கல்லூரிக்கு ஒன்றுதான். பெற்றோரின் பயணச் செலவையும் கல்லூரி கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. டிக்கெட் போடுவதற்கு முன் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் தகுதியைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்து, ட்ரான்ஸ்கிரிப்டையும் (பள்ளி மார்க் பட்டியல்) அனுப்பிய பிறகுதான் அஃபிஷியல் விசிட் நடக்கும். கடைசி வாரத்தில் பள்ளிக் கவுன்சிலர் பின்னால் ஓடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை, பலர் செய்வதில்லை. டீமின் வெப்சைட்டில் பழைய வருஷங்களின் ரோஸ்டரும் (டீமில் இருப்பவர்களின் பட்டியல்) இருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தையதையும் இந்த வருஷத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு எட்டு பேர் முதல் வருஷ ஃப்ரெஷ்மேனாக வந்து இன்றைக்கு நான்காம் வருஷ சீனியராக மூன்று பேர்தான் மிச்சம் என்றால், மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள்? அப்படியே அந்தப் பிள்ளைகளின் ஹைஸ்கூல் நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் நீச்சல் நேரங்களைத் தொகுத்து வைக்கும் ஸ்விம்கிளவுட் வெப்சைட்டில் ஒப்பிடுங்கள். இரண்டு வருஷமாக யாருக்குமே நேரம் குறையவில்லை என்றால் கோச் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் யோசிக்க வேண்டும்.

அங்கே போனதும் பெற்றோர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை நான் சொல்ல என்ன தகுதி என்றால், முதல் விசிட்டில் கோச் மகளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன், அவள் மேஜர் (கல்லூரியில் எடுக்கப்போகும் முக்கியப் பாடம்) என்ன என்பது உட்பட. திரும்பி வரும்போது காரில், "அப்பா, அங்க நீங்க ஸ்விம் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டாள். அடுத்த விசிட்டிலிருந்து அவள் பேசினாள், நான் காபி குடித்தேன்.

இரவு பிள்ளை டீமில் ஒருத்தரோடு டார்மில் தங்கும், நாம் ஹோட்டலில். விசிட்டிலேயே முக்கியமான நேரம் அதுதான். "கோச் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "போன வருஷம் யார் டீமை விட்டுப் போனாங்க, ஏன்?", "தோளில் வலின்னா கோச் என்ன சொல்வார்?", "இந்த டீமில் இன்ஜினியரிங் படிக்கிறவங்க எத்தனை பேர்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி நம் வீடுகளுக்கு ரொம்ப அவசியம். சயின்ஸ் லேப் எல்லாம் பெரும்பாலும் மத்தியான நேரத்தில் இருக்கும், ப்ராக்டிஸும் அப்போதுதான். "எங்களிடம் எந்த மேஜரும் படிக்கலாம்" என்று கோச் சொல்வார். டீமில் ஒருவர்கூட இன்ஜினியரிங் இல்லை என்றால் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வேறு.

நேரக் கணக்கும் அப்படித்தான். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று விதி சொல்கிறது. ஆனால் ஒரு போட்டி நாள் முழுக்கப் பூலிலேயே கழிந்தாலும் கணக்கில் 3 மணி நேரம்தான், பஸ் பயணம் கணக்கிலேயே வராது. ஆகவே ஒரு ஜூனியர் (மூன்றாம் வருஷ) மாணவியிடம் போனில் இருக்கும் போன வாரக் காலண்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். என் மகள் கேட்டாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து இரவு ஒன்பதரைக்கு முடிந்தது.

சாப்பாடு சின்ன விஷயம் மாதிரி தெரியும். எங்கள் வீட்டில் சைவம். விசிட்டின்போது நல்ல ரெஸ்டாரன்டுக்குக் கூட்டிப் போவார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வேளையாவது சாதாரண டைனிங் ஹாலில், ப்ராக்டிஸ் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்ட்டிக்குக் கூப்பிட்டால் குடிக்கக் கூடாது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். ராத்திரி நடந்தது காலையில் கோச்சுக்குத் தெரிந்துவிடும்.

சரி, பணம். இந்தப் பேச்சு மட்டும் பெற்றோருடையது. டிவிஷன் த்ரீயிலும், ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, மற்ற நிதியுதவிதான். அங்கே கேட்க வேண்டியது, "அட்மிஷன்ஸ் அலுவலகம் இவளுடைய மார்க்கை ப்ரீ-ரீட் செய்துவிட்டதா?" என்பது, அதாவது விண்ணப்பிக்கும் முன்பே மார்க்கைப் பார்த்து இடம் கிடைக்குமா என்று சொல்லிவிட்டதா என்று. டிவிஷன் ஒன்னில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, கல்லூரி விளையாட்டு வீரர்கள் பணத்துக்காக என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு நிலைமையே மாறிவிட்டது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் கட்டுப்பாடு போய், டீமில் எத்தனை பேர் என்பதில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, நீச்சலுக்கு 30. முன்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வாக்-ஆன் (ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் இருக்கும்) பிள்ளைகளின் இடம்தான் முதலில் போகிறது. எனவே நேரடியாகக் கேளுங்கள்: இவள் வகுப்பில் எத்தனை பேரை எடுக்கிறீர்கள், வேறு கல்லூரியிலிருந்து ட்ரான்ஸ்ஃபரில் எத்தனை பேர், இரண்டாம் வருஷமும் இடம் உறுதியா? இந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிள்ளை கையெழுத்துப் போடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இனி எழுத்தில் கையெழுத்தான நிதியுதவி ஒப்பந்தம்தான் கணக்கு. வாய்வார்த்தையாகக் கொடுக்கும் கமிட்மென்ட் இரண்டு பக்கத்தையும் கட்டாது.

சில கோச்கள் அந்த அறையிலேயே பதில் கேட்பார்கள். எங்களுக்கும் நடந்தது. "ரொம்ப நன்றி, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று ஈமெயிலில் அனுப்ப முடியுமா?" என்று மகள் கேட்டாள். கிடைத்தது மூன்று வாரம்.

திரும்பும் வழியில், யாரும் வாயைத் திறப்பதற்கு முன் பிள்ளை தன் மனதில் பட்டதைப் போனில் எழுதிக்கொள்ளட்டும். நாம் பேச ஆரம்பித்தால் நம் கருத்து அதன் கருத்தாகிவிடும். அப்புறம் மறுநாளே நன்றி மெயில், பிள்ளையின் சொந்த வார்த்தையில். வேண்டாம் என்று முடிவு செய்த கல்லூரிகளுக்கும் எழுத வேண்டும், அதுதான் கஷ்டம். என் மகள் மூன்று மெயில் எழுத ஒரு சனிக்கிழமை முழுக்க எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு கோச் இன்றும் போட்டிகளில் எங்களைப் பார்த்தால் பூலின் அந்தப் பக்கத்திலிருந்து கையசைப்பார்.