பல்பர் இயந்திரத்தின் பேரிங்கைக் காட்டிக்கொடுத்த கோண முடுக்கம்

ஏற்காட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எங்கள் பல்பர் இயந்திரம், மோட்டாரை நிறுத்தியதும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுவிடுவதைக் கவனித்து, கோண முடுக்கத்தை, அதாவது சுழலும் வேகம் நொடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பதை, கணக்கிட்டுப் பார்த்தேன்.

சக்கர விளிம்பில் சுண்ணாம்புக் கோடு ஒன்றை இழுத்து, நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் பதிவுசெய்தபோது, கோடு 40 படங்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்தது. அதாவது நொடிக்கு 6 சுற்று. ஒரு முழுச் சுற்று 2π ரேடியன் (கோணத்தின் அலகு) என்பதால், அதை 2π-ஆல் பெருக்கினால் கோணத் திசைவேகம் நொடிக்கு 37.7 ரேடியன். பழம் போடாமல் ஓட்டி நிறுத்தியபோது, சக்கரம் 8 நொடியில் நின்றது. ஆகவே சராசரிக் கோண முடுக்கம் −4.7 ரேடியன்/நொடி². (சுற்றிலேயே கணக்குப் போடலாம்தான், ஆனால் திருப்பு விசைக்கு (சுழற்சியை மாற்றும் முறுக்குக்கு) போகும்போது ரேடியன்தான் கைகொடுக்கும்.)

தண்டைக் கையால் அசைத்தால் ஒருபக்கப் பேரிங்கில் கரகரப்பு தெரிந்தது. கிரீஸ் கறுத்துக் கட்டியாகியிருந்ததால் பேரிங்கையே மாற்றினேன். பிறகு நிற்க 29 நொடி ஆனது, முடுக்கம் −1.3. திருப்பு விசை என்பது நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி மாற்றத்தைச் சக்கரம் எதிர்க்கும் அளவை) கோண முடுக்கத்தால் பெருக்கியது. அந்தத் திருப்புத்திறன் மாறாததால், சக்கரத்தை எடைபோடாமலேயே, உராய்வுத் திருப்பு விசை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதென்று சொல்ல முடிந்தது.