ஒரே வயர்ல அஞ்சாறு ஆர்டுயினோ: ஆர்எஸ்485ல அட்ரஸ் வச்சுப் பேச வைக்கிறது எப்படி

ரெண்டு ஆர்டுயினோன்னா டிஎக்ஸ் (அனுப்புற பின்), ஆர்எக்ஸ் (வாங்குற பின்) ரெண்டையும் குறுக்கா மாத்திப் போட்டு கிரவுண்டை சேர்த்துட்டா போதும், பேச்சு ஓடிரும். மூணாவது போர்டு வந்ததும்தான் சிக்கல், ஏன்னா இந்த ரெண்டு பின் வழியா பேசுற யூஆர்ட்ல அட்ரஸ்னு ஒண்ணே கிடையாது, அதோட டிஎக்ஸ் பின் சும்மா இருக்கும்போதும் ஹையிலயே நிக்கும், ரெண்டு போர்டோட டிஎக்ஸை ஒண்ணா முறுக்கிட்டா ஒண்ணு லோவுக்கு இழுக்க இன்னொண்ணு ஹையில பிடிச்சு நிக்க, டேட்டாவும் கெடும் பின்னுக்கும் ஆபத்து.

ஒரு அபார்ட்மென்ட்டை எடுத்துக்கங்க. கீழ ஒரு சம்ப், மாடியில நாலு தொட்டி, ஒவ்வொண்ணுலயும் தண்ணி மட்டம் பாக்க அல்ட்ராசோனிக் சென்சாரோட ஒரு ஆர்டுயினோ நானோ, வாட்ச்மேன் ரூம்ல டிஸ்ப்ளேவோட ஒரு மாஸ்டர். நூறு மீட்டர் வயருக்கு ஐ2சிங்கிற இணைப்பு முறை சரிப்படாது, அது போர்டுக்குள்ள பேசுறதுக்குன்னு வந்தது. இங்க தூரத்துக்கு ஜோடி வயர்ல டேட்டா அனுப்புற ஆர்எஸ்485தான் சரி, ஆர்டுயினோ சிக்னலை அதுக்கு மாத்தித் தர்ற மேக்ஸ்485 மாட்யூல் ஆளுக்கொண்ணு போட்டா ஒரே ஜோடி வயர்ல 32 பேர் வரைக்கும் தொங்கலாம், 9600 பாட்ல (செகண்டுக்கு 9600 பிட்) 1200 மீட்டர் வரைக்கும் போகும்.

வயரிங்கை அலட்சியமா விடாதீங்க. ஒரு போர்டுல இருந்து அடுத்ததுன்னு சங்கிலியா போகணும், நடுவுல இருந்து நாலா பக்கமும் பிரிச்சு இழுக்கக் கூடாது. 120 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு கடைசி முனையில மட்டும்தான் இருக்கணும். ஆனா மார்க்கெட்ல கிடைக்கிற மலிவு மாட்யூல் பலதுல அது போர்டுலயே சால்டர் பண்ணி வருது, ஆறு மாட்யூல் சேர்ந்தா 20 ஓம் ஆயிரும், சிப் 60 ஓம் கிட்ட லோடுக்குன்னு பண்ணது, அதனால நடுவுல இருக்கிற நாலுலயும் அதை கழட்டிருங்க. மாட்யூல்ல ஏ, பின்னு இருக்கிற சிக்னல் வயர் ரெண்டும் ஒரே முறுக்கு ஜோடியில போகட்டும், கூட ஒரு கிரவுண்ட் வயரும் கண்டிப்பா போடுங்க.

இப்போ அட்ரஸ். ஸ்லேவுக்கு, அதாவது மாஸ்டர் கேட்டா பதில் சொல்ற சம்ப், தொட்டி போர்டுகளுக்கு, 1ல இருந்து 5 வரைக்கும், 0ன்னா எல்லாருக்கும் பொதுவானது, அதுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. நம்பரை கோடுக்குள்ள எழுதி அஞ்சு தடவை வேற வேற மாதிரி அப்லோட் பண்றதை விட நாலு குட்டி சுவிட்ச் வரிசையா இருக்கிற டிஐபி சுவிட்ச் வச்சு ஆன் ஆகும்போது படிச்சுக்கறது எவ்வளவோ மேல், எல்லா போர்டுலயும் ஒரே ஃபர்ம்வேர், ஒண்ணு போயிட்டாலும் புதுசை மாட்டி சுவிட்சை தள்ளிட்டா வேலை முடிஞ்சுது.

பாக்கெட்டை இப்படி வச்சுக்கங்க: முதல்ல அட்ரஸ், அப்புறம் கமாண்ட், டேட்டா நீளம், டேட்டா, கடைசியில டேட்டா கெடாம வந்துச்சான்னு சரிபார்க்கிற எண்ணான 16 பிட் சிஆர்சி. பதில்லயும் ஸ்லேவ் தன்னோட நம்பரையே முதல் பைட்டா போடணும். இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க: 3ம் நம்பர் அனுப்புற பதில் 5ம் நம்பர் காதுலயும் விழும், அந்த டேட்டாவுக்குள்ள 5ன்னு ஒரு பைட் வந்தா அது தன்னைக் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்கும். அதனால அட்ரஸை எங்க வேணா தேடக் கூடாது, லைன் கொஞ்ச நேரம் அமைதியா இருந்த பிறகு வர்ற முதல் பைட்தான் அட்ரஸ். 1979ல மோடிகான் கம்பெனி கொண்டு வந்த மோட்பஸ்ங்கிற பேச்சு முறையில, ஆர்டியு வகைக்கு இந்த இடைவெளி 3.5 எழுத்து நேரம், 9600ல கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட். அதே விதியை வச்சுக்கிட்டா போதும்.

அடுத்தது மாட்யூல்ல அனுப்புறதை ஆன் பண்ற டிஇ பின், கூடவே கேக்கறதை ஆன் பண்ற ஆர்இ பின். டிஇ, ஆர்இ ரெண்டையும் சேர்த்து ஒரே பின்னுக்குக் கொடுங்க, ஹைன்னா பேசும், லோன்னா கேக்கும். சீரியல் ரைட் பண்ணதும் பைட் வெளிய போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, அது பஃபர்ல போய் உக்காந்திருக்கும், உடனே டிஇயை இறக்கிட்டா கடைசி பைட் எல்லாம் அறுந்து போயி சிஆர்சி எப்பவும் தப்பாவே வரும், நாம வயர் மேல சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்போம். சீரியல் ஃபிளஷ் போட்டு முழுசா போற வரைக்கும் நின்னு, அடுத்த வரியிலயே இறக்கணும். டிலே வச்சு சமாளிக்காதீங்க, அதிக நேரம் பிடிச்சு வச்சிருந்தா அடுத்தவன் பேச்சோட மோதும்.

ஸ்லேவ் தானா வாயே திறக்கக் கூடாது, மாஸ்டர் கேட்டா மட்டும்தான் பதில். கேட்ட பிறகு சென்சாரை அளக்க ஆரம்பிச்சா லேட் ஆகும், அதனால முன்னாடியே அளந்து கடைசி ரீடிங்கை ரெடியா வச்சிருக்கணும். மாஸ்டர் ஒரு 50 மில்லிசெகண்ட் பாக்கட்டும், வரலையா இன்னொரு தடவை கேக்கட்டும், அப்பவும் இல்லன்னா டிஸ்ப்ளேல அந்தத் தொட்டிக்கு நேரா கோடு போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போகட்டும். ஒரு போர்டு செத்ததுக்காக மொத்த சிஸ்டமும் நிக்கக் கூடாது.

நானோல இருக்கிற ஏடிமெகா328லயே ஒன்பதாவது பிட் வச்சு அட்ரஸ் பைட்டை ஹார்ட்வேரே பிரிக்கிற வசதி இருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா ஆர்டுயினோவோட சீரியல் லைப்ரரி ஒன்பது பிட்டுக்கு வராது, ரெஜிஸ்டரை நேரா தொடணும், அஞ்சு போர்டுக்கு அது தேவையில்லை.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாட்டாதீங்க. யூஎஸ்பி-ஆர்எஸ்485 அடாப்டரை லேப்டாப்ல சொருகி ஒரு ஸ்லேவை மட்டும் கேட்டுப் பாருங்க, குப்பையா வந்தா ஏவையும் பியையும் மாத்திப் போடுங்க, கம்பெனிக்கு கம்பெனி அந்தப் பேரை மாத்தி அடிக்கிறாங்க, மாத்தினா எதுவும் எரியாது. தனியா நல்லா பேசுற ரெண்டு போர்டு சேர்ந்ததும் சிஆர்சி தப்பு வந்தா முதல்ல டிஐபி சுவிட்சைப் பாருங்க, ரெண்டுக்கும் ஒரே நம்பரா இருக்கும். அப்லோட் பண்ணும்போது மாட்யூல் கேட்டதை வெளிய தர்ற ஆர்ஓ வயரை ஆர்எக்ஸ் பின்ல இருந்து கழட்டிருங்க, இல்லன்னா அப்லோடே ஆகாது.