பிரசாரப் பேச்சில் பெண்ணை மட்டம் தட்டும் வரிகளைக் களைவது எப்படி?

வேட்பாளர்களுக்குப் பேச்சும் துண்டறிக்கையும் எழுதிக் கொடுப்பதும், மற்றவர் எழுதியதைத் திருத்துவதும் என் பிழைப்பு. அப்பட்டமான வசவை யாரும் எழுதிக் கொண்டுவருவதில்லை. அது மேடையில் சூடேறி வருவது. அதற்குப் புகார், நோட்டீஸ் என்று வேறு வழிகள் இருக்கின்றன. என் மேஜைக்கு வருவது நல்ல பிள்ளை வேடம் போட்ட வரிகள். 'எப்போதும் சிரித்த முகம்', 'நம் வீட்டுச் செல்லப் பிள்ளை', 'ஆம்பளையாக இருந்தால் நேரில் வரட்டும்'. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், சிலர் கைகூடத் தட்டுவார்கள். அதனால்தான் இவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பேச்சை அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். பெண்களைப் பற்றி வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, எது முதலில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். வழக்கமாக வரும் ஓர் அறிமுகத்தின் மாதிரி இது:

"மறைந்த தலைவரின் அன்பு மருமகள், இரண்டு குழந்தைகளின் தாய், எளிமையான புன்னகைக்குச் சொந்தக்காரர், முதுகலைப் பட்டதாரி, பத்தாண்டுகள் கவுன்சிலராக இருந்து மக்கள் பணியாற்றியவர்."

ஓட்டுக் கேட்கத் தகுதியான விஷயம் கடைசியில் நிற்கிறது. அதற்குள் கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்து ஆளோடு பேசத் தொடங்கியிருப்பார்கள். நான் இப்படி மாற்றுவேன்: "பத்தாண்டுகள் கவுன்சிலர். தன் வார்டின் வரவு செலவுக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தவர்." அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு உங்கள் வேட்பாளர் உண்மையில் செய்த ஒரு வேலை வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் சிக்கல் மொழியில் இல்லை, வேறு ஆளைத்தான் தேட வேண்டும்.

அப்படியானால் தாய் என்று சொல்லவே கூடாதா? அவர் தன் வாயால், ஒரு காரணத்தோடு சொன்னால் சொல்லட்டும். "என் மகள் படித்த பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு இல்லை, அதனால்தான் கல்விக் குழுவில் சேர்ந்தேன்" என்பது அவருடைய அரசியல். அதையே தொகுப்பாளர் அடைமொழியாக ஒட்டினால் வெறும் ஜிகினா.

அடுத்து தோற்றம். இதில்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எழுதுபவர் பாராட்டுவதாகவே நினைக்கிறார். அமெரிக்காவில் 2013-இல் சுமார் 1,500 வாக்காளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெண் வேட்பாளரின் உடையையும் தோற்றத்தையும் பற்றிய செய்தியைப் படித்தவர்களிடம் அவருக்கான ஆதரவு குறைந்தது. வர்ணனை இகழ்ச்சியாக இருந்தாலும், புகழ்ச்சியாக இருந்தாலும், நடுநிலையாக இருந்தாலும் குறைந்தது. ஆகவே புடவை, முடி, புன்னகை, வயதுக்கு மீறிய இளமை எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நம் ஆளுக்கும் வேண்டாம், எதிராளிக்கும் வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி, வினைமுற்று. 'சொன்னார்' என்று ஆரம்பித்த பேச்சு, எதிர்க்கட்சிப் பெண் வந்ததும் 'சொன்னாள்' என்று இறங்கும். ஆணைத் திட்டும்போதும் 'சொன்னான்' வருவது உண்டுதான். ஆனால் அங்கே ஆத்திரம் முற்ற வேண்டும், இங்கே சாதாரணமாகவே வந்துவிடுகிறது. இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. உரக்கப் படித்தால்தான் காதில் இடறும். பட்டங்களையும் கூடவே பாருங்கள். மூன்று ஆண்களை 'டாக்டர்', 'வழக்கறிஞர்', 'முன்னாள் அமைச்சர்' என்று அழைத்துவிட்டு, டாக்டர் பட்டம் பெற்ற பெண்ணை வெறும் பெயரால் அழைத்திருப்பார்கள்.

உறவுமுறை விளி தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் நம் மேடை நடக்காது. ஆனால் 'அண்ணன்' என்றால் ஆளுக்கு எடை கூடுகிறது. ஐம்பது வயது வேட்பாளரைத் 'தங்கச்சி' என்றால் எடை குறைகிறது. அண்ணன் இருக்கும் மேடையில் அக்கா இருக்கட்டும். அல்லது இருவருக்குமே 'வேட்பாளர்' போதும்.

வினைச்சொற்களிலும் இதே கதைதான். ஆண் முழங்குகிறார், பெண் கத்துகிறார். ஆண் கண் கலங்கினால் நெகிழ்ச்சி, பெண் கலங்கினால் நாடகம். இங்கே 'ஆண் பெயரைப் போட்டுப் படித்துப் பார்' என்ற பழைய சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். 'பிடிவாதக்காரர்' என்பது இருவருக்கும் இலக்கணப்படி பொருந்தும், ஆனால் காதில் விழும்போது ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்குப் பட்டப்பெயர். சந்தேகமாக இருந்தால் குணத்தை எடுத்துவிட்டுச் செயலை எழுதுங்கள்: "மூன்று கூட்டங்களில் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார்."

பெண் யாருமே இல்லாத பேச்சிலும் இந்த வேலை உண்டு. 'வளையல் போட்டுக்கொள்ளட்டும்', 'புடவை கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கட்டும்' என்று ஓர் ஆணைச் சீண்டும் வரிகளைக் கவனியுங்கள். அடி அவருக்கு, அவமானம் முன்வரிசையில் வளையலோடு உட்கார்ந்திருக்கும் வாக்காளருக்கு. தாயை இழுப்பதும் இந்த வகைதான். 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில், அன்றைய முதல்வர் பழனிசாமியின் தாயைக் குறித்த பேச்சுக்காக ஆ. ராசாவை 48 மணி நேரம் பிரசாரம் செய்யக் கூடாது என்று தேர்தல் ஆணையம் தடுத்தது. தேர்தல் நெருங்கிய நேரத்தில் இரண்டு நாள் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்கள் பேச்சாளருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நியாயம் பேசினால் காதில் ஏறாதவர்களுக்கும் இது ஏறும்.

பெண் எதிராளியை விமர்சிக்கவே கூடாது என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. தாராளமாக விமர்சியுங்கள், ஆணுக்குக் கொடுக்கும் அதே காரத்தோடு. அவர் கையெழுத்திட்ட கோப்பு, போட்ட ஓட்டு, காட்டாத கணக்கு எல்லாம் களத்தில் இருக்கின்றன. இந்தியாவின் தேர்தல் நடத்தை விதிகளும் இதே கோட்டைத்தான் போடுகின்றன: பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையைத் தொடாதே. 'பாவம், பெண் என்பதால் விட்டுவிடுகிறேன்' என்ற பெருந்தன்மையும் மட்டம் தட்டுவதில்தான் சேர்த்தி.

இனி, அடி வாங்கும் பக்கம் நீங்கள் இருந்தால். கேள்வி எங்கே வரும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்ததுதான்: கல்யாணம், குழந்தை, வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2007-இல் ஒரு செனட்டர், பின்னாளில் பிரதமரான ஜூலியா கில்லார்ட் வேண்டுமென்றே குழந்தை பெறாதவர், அவர் தலைமைக்குத் தகுதியற்றவர் என்று பேசினார். நியூசிலாந்தில் 2017 ஆகஸ்டில் ஜெசிந்தா ஆர்டெர்ன் கட்சித் தலைவரான சில மணி நேரத்திலேயே குழந்தை பற்றிய கேள்வி வந்தது. மறுநாள் இன்னொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பவருக்கு அவருடைய குழந்தைத் திட்டம் தெரிய வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ஆர்டெர்ன் நெளியவில்லை. பணியிடத்தில் பெண்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதை 2017-இல் ஏற்கவே முடியாது என்றார். விஷயம் தன்னிடமிருந்து வேலை தேடும் எல்லாப் பெண்களுக்கும் நகர்ந்தது. அதே ஆண்டு பிரதமரும் ஆனார்.

மேலே சொன்ன 2013 ஆய்விலும், வேட்பாளர் அந்த வர்ணனையை நேரடியாகச் சுட்டிக்காட்டியபோது இழந்த ஆதரவு திரும்பியது. 'கண்டுகொள்ளாதே, தானாகப் போய்விடும்' என்ற பெரியவர்களின் அறிவுரையை அதனால் நான் ஏற்பதில்லை. ஆனால் பதில் குட்டையாக இருக்க வேண்டும். நடந்தது என்ன என்று ஒரு வரியில் சுட்டிக்காட்டிவிட்டு உடனே வேலைக்குத் திரும்புங்கள்: "இதை என்னோடு போட்டியிடும் ஆண்களிடம் நீங்கள் கேட்கவில்லை. குடிநீர் வரி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்." இதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொல்லுங்கள். குரல் உயர்ந்தால் மறுநாள் தலைப்பு குரலைப் பற்றியதாகிவிடும். அநியாயம்தான், ஆனால் களம் அப்படித்தான் இருக்கிறது.

எல்லாம் திருத்திய பிறகும் 'இதை எடுத்தால் கைதட்டல் போய்விடுமே' என்று பேச்சாளர் முனகுவார். வெறுமனே நீக்கினால் சண்டை வரும், அதே இடத்தில் வேறு வெடியைக் கொடுங்கள். வளையல் வரிக்குப் பதிலாக "விவாதத்துக்கு நாற்காலி போட்டோம், மைக் வைத்தோம், வந்தது ஆள் இல்லை, அறிக்கை!" என்று எழுதிக் கொடுங்கள். சிரிப்பு வரும், ஆளும் நெளிவார்.

அப்புறம், வேட்பாளர் வந்து சேரும்வரை கூட்டத்தைத் தக்கவைக்கும் பேச்சாளர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களிடம் தாள் கிடையாது, நேரம் நிறைய உண்டு. மாட்டிக்கொள்ளும் வீடியோக்களில் பெரும்பாலும் அவர்களே இருக்கிறார்கள். இந்த மாதிரி மாற்று வரிகள் நாலைந்தை ஒரு சீட்டில் எழுதி, மேடையேறும் முன் அவர்கள் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். மீம் போடும் பையன்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.